சூசைத்துறையில் அரைப்புள்ளி விழுந்த காலம்

பவுலின் தன் ஐம்பத்தோராவது வயதில் இரண்டாவது கணினி மொழியைப் படிக்கத் தொடங்கிய ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், அவளுடைய வலது கைச் சுண்டுவிரலிலிருந்து ஓர் அரைப்புள்ளி கழன்று மேசையில் விழுந்து, உருண்டு, விளிம்பைத் தாண்டித் தரையில் 'டிங்' என்று குதித்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த வரியை எழுதினாள். இன்னொன்று விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது நாற்காலியைச் சுற்றி நூற்றுக்கு மேல் கிடந்தன. காலில் குத்திவிடும் என்று விளக்குமாற்றால் கூட்டியெடுத்து, கழுவிக் கவிழ்த்திருந்த ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நிற்கும் சூசைத்துறையில், மீனவர் சங்கக் கட்டடத்தின் மாடியறையில் இருபத்திரண்டு வருடமாக அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் கணினி படித்து, சென்னையில் நாலு வருடம் வேலை பார்த்து, ரெஜீசைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய வருடமே அவள் எழுதியதுதான் காத்துக்கூப்பிடு. அரைமணிக்கொரு தடவை வானிலைப் பட்டியலை வாங்கி, கடலின் நாலு பகுதியிலும் காற்று எவ்வளவு என்று படித்து, எந்தப் படகு எந்தப் பகுதிக்குப் போயிருக்கிறது என்று பார்த்து, காற்று நாற்பதைத் தாண்டினால் அந்தப் படகிலிருக்கும் செல்போனைக் கூப்பிட்டு, "காத்து வருது, கரைக்கு வந்துருங்க" என்று பவுலினின் குரலிலேயே சொல்லும் நிரல் அது. அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிவந்த ஆண்கள் ஊரில் எத்தனையோ பேர். எதிரே வரும்போது பைக்கை நிறுத்தி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிற மரியாதை அவளுக்கு இருந்தது.

அதை எழுதிய மொழிக்குப் பெர்ல் என்று பெயர். ஆங்கிலத்தில் முத்துக்கும் அதே உச்சரிப்பு, இதுவோ முத்துக் குளித்த கடற்கரை என்பதால் ஊர்க்காரர்கள் அதை முத்துப்பாஷை என்றே சொன்னார்கள். அந்த மொழியில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டும், ஒவ்வொரு பெயரின் தலையிலும் ஒரு குறி போட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் பவுலினின் சுண்டுவிரல் அவள் நினைப்பதற்கு முன்பே அந்த விசைக்குப் போய்வரப் பழகியிருந்தது. கூப்பிடுகிற பாதையை மாற்றப்போகிறோம், புரட்டாசிக் கடைசியில் பழைய பாதையை மூடிவிடுவோம், புதிய பாதைக்குப் பைத்தானில்தான் எழுத வேண்டும் என்று போன் கம்பெனிக்காரர்கள் கடிதம் அனுப்பியதும், அவள் அந்தப் புதிய மொழிக்கான தடித்த புத்தகத்தை வரவழைத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். பைத்தானில் வரி முடிந்தால் முடிந்ததுதான், எந்தப் புள்ளியும் வேண்டாம். அவள் சுண்டுவிரலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இழுத்துப் பிடித்த புள்ளிக்குப் போக்கிடம் இல்லாததால் அது கீழே விழுந்தது.

பக்கத்து வீட்டு கிளாடிஸ்தான் முதலில் பாட்டிலைப் பார்த்தது. அவள் ஸ்கூட்டரில் மீன் விற்கிறவள். ரெஜீசின் ஒன்றுவிட்ட தம்பி தொம்மையின் மனைவி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதக் காற்றில் தொம்மை தன்னந்தனியாகப் போன ஃபைபர் படகோடு காணாமல்போனான். அன்றைக்குக் கடலில் இருந்த எல்லோரும் கூப்பிடு கேட்டுத் திரும்பியிருந்ததால், தொம்மையை மட்டும் ஊர் 'கூப்பிட்டும் வராதவன்' என்றது. மீன் படுகிற ஆசையில் போனை எடுக்காமல் இருந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள், கிளாடிசும் சொன்னாள். தினமும் காலையில் அவனுடைய போட்டோவுக்கு முன்னால் நின்று, "கூப்பிடத்தான செஞ்சாங்க, ஒனக்கு வந்தா என்ன?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் அவள் ஸ்கூட்டரை எடுப்பாள்.

"ஏக்கா, தூண்டில் எப்பருந்து செய்ய ஆரம்பிச்ச?"

"அது தூண்டில் இல்லட்டி. அரைப்புள்ளி."

"ஈயக்குண்டு வச்ச தூண்டில் எனக்குத் தெரியாதாக்கும்?" என்று சொல்லிக் கிளாடிஸ் ஒரு கை அள்ளிக்கொண்டாள்.

பார்த்தால் தூண்டில் என்றுதான் யாரும் சொல்வார்கள். மேலே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் புள்ளி, கீழே வால் வளைந்த ஒரு கொக்கி. இரண்டுக்கும் நடுவே பிடிமானம் எதுவும் இல்லை, ஆனாலும் புள்ளியைத் தூக்கினால் கொக்கியும் கூடவே வந்தது. மறுநாள் ரெஜீஸ் அதில் நாலைக் கயிற்றில் கட்டி, இரைகூட வைக்காமல் இறக்கிப்பார்த்தான். நாலிலும் விளைமீன் ஏறி வந்தது. வந்த மீன் துள்ளவில்லை, சாகவும் இல்லை. துள்ளப் போனது பாதியில் நின்றது போல வாலை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, அப்படியே நின்றிருந்தது. ஐஸ் இல்லாமலே சாயங்காலம் வரை கெடவில்லை. வீட்டில் அரிவாள்மனையில் வைத்த நிமிடத்தில்தான் விட்ட இடத்திலிருந்து அந்தத் துள்ளலை முடித்தது. பவுலினின் முகத்திலும் புதுச் சேலையிலும் மீன்தண்ணீர் அடித்தது.

ஒரு வாரத்தில் அரைப்புள்ளியில் பிடித்த மீனை அரிவதற்கு முன்னால் வாலை இடது கையால் அமுக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் சங்கம் கூடி, மாடியறை சங்கத்துடையது என்பதால் அதில் விழுகிற புள்ளியும் சங்கத்துடையது என்று முடிவுசெய்து, படகுக்கு ஆறு வீதம் சனிக்கிழமைதோறும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தது. பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் படியேறி வந்து, இதைத் தூண்டில் என்று சொல்வது பிழை, அரைப்புள்ளி என்றே வழங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு என்று இரண்டை வாங்கிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் உட்கார்ந்து மீன் பிடித்தார். பங்குச்சாமி பிரசங்கத்தில், மனிதன் முடிந்துபோயிற்று என்று நினைக்கிற இடத்திலெல்லாம் ஆண்டவர் முற்றுப்புள்ளி வைத்துவிடவில்லை என்று பேசினார், எல்லோருக்கும் புரிந்தது. மூன்றாவது வாரம், பெயர்களின் தலையில் போடுகிற குறிகளும் விழத் தொடங்கின. நத்தை போல வட்டமாகச் சுருண்டிருந்தவற்றைக் குமரிப்பெண்கள் கம்மலாகப் போட்டுக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வந்தார்கள். புழுவின் நடுவில் கம்பி சொருகியது போலிருந்தவற்றைக் கோழிக்குப் போட்டார்கள், கோழி தின்னவில்லை. பிறகு அவை சுவரில் கரண்ட் வயரைப் பிடித்துவைக்க உதவின.

விழுகிறது என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மாடியறையில் பவுலின் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவள் இப்போது ஒரு வரியில் ஓர் இடைவெளி கூடிவிட்டது என்பதற்காக முழு நிரலும் மறுத்து நின்றதைப் பார்த்து, இடைவெளியெல்லாம் ஒரு எழுத்தா என்று திரையோடு சண்டை போட்டாள். பழைய மொழி சிநேகிதக்காரி மாதிரி, நீ பாதி சொன்னாலே மீதியை அவளே நிரப்பிக்கொள்வாள். எழுத்தாக இருந்தாலும் எண் என்று எடுத்துக்கொள்வாள், இல்லாததை இருப்பதாக வைத்துக்கொண்டு நடப்பாள். புது மொழியோ புதிதாக வந்த அரசாங்க அதிகாரி மாதிரி, எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொல்கிறாயே, எப்படிக் கூட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கேட்டது. தெரியாதவள் தெரியாமல் தடுமாறுவது வேறு. தெரிந்தவள் தடுமாறுவதில் ஒரு வெட்கம் இருக்கிறது. அவள் எழுதியதெல்லாம் புது மொழியின் சட்டையைப் போட்டுக்கொண்ட பழைய மொழியாகவே இருந்தது. அழித்தாள், எழுதினாள், அழித்தாள். அழிக்க அழிக்கப் புள்ளிகள் கொட்டின, கீழே வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு அக்காவுக்கு நல்லா வராது போலுக்கு" என்று சந்தோஷப்பட்டார்கள்.

புரட்டாசி பிறந்ததும் விழுவது குறைந்தது. நாளைக்கு நூறு என்றிருந்தது நாற்பதாகி, இருபதானது. அவளுக்கு மொழி வசப்பட்டு வந்தது. நாலு வரியில் சுற்றிச் சுற்றிச் சொன்னதை ஒரு வரியில் சொல்லும் வழி ஒருநாள் தானாகக் கைக்கு வந்தபோது அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். அன்றைக்கு விழுந்தது எட்டு.

அன்று மத்தியானம் சங்கத் தலைவர் சேசடிமை மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் ஒரு பெரிய சீலாமீன் இருந்தது, துள்ளலின் பாதியில் நின்றபடி.

"ஏம்மா பவுலின், ஒடம்ப ரொம்ப வருத்திக்கிடுத. கொஞ்சம் மெதுவாப் படிச்சா என்ன?"

"புரட்டாசி முடியப் போகுது தலைவரே. பழைய கூப்பிடு நின்னுரும்."

"நிக்காது, நான் போன் கம்பெனியில ஒரு மாசம் தவண கேக்கேன். படிச்சத ஒரு தடவ மறந்துட்டுப் படி. எல்லாம் ஒரு புது ஆளு மாதிரி."

அவருக்காக அவள் ஒருநாள் காலை முழுக்க மறந்தவள் போல எழுதிப்பார்த்தாள். தப்புத்தப்பாக எழுதினாள், சுண்டுவிரலை வேண்டுமென்றே இழுத்தாள். ஒன்றும் விழவில்லை. நடிப்புக்கு அது விழாது என்று தெரிந்ததும், தலைவர் அனுப்பிய ஆட்கள் காப்பி கொண்டுவருவதும், பேச்சுக்கொடுப்பதும், மின்விசிறியை ரிப்பேர் பார்க்கிறோம் என்று ஸ்டூல் போட்டு ஏறுவதுமாக அவளைப் படிக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மீன் படுகிற வருடம் எப்போதோ ஒருமுறைதான் வருகிறது.

இருந்தும் நிரல் எழுதி முடிந்தது. புதியதை ஓடவிடுவதற்கு முன் பழையதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பவுலின் எதையும் தூக்கியெறியாதவள். இருபத்திரண்டு வருடத்து வானிலைப் பட்டியல்களும் அவளிடம் நாள்வாரியாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் புது நிரலுக்குக் கொடுத்து, பழையது அன்றைக்கு யாரைக் கூப்பிட்டதோ அவர்களைத்தான் இதுவும் கூப்பிடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். பதிமூன்று வருடத்துப் பட்டியல்கள் வழுக்கிக்கொண்டு போயின. அதற்கடுத்த வருடத்தில், ஒரு நாளில், நிரல் நின்றுவிட்டது.

ஒன்றும் இல்லாததை எண்ணாக மாற்ற முடியாது என்று திரையில் எழுதிக்காட்டியது.

பட்டியலைத் திறந்து பார்த்தாள். தெற்குப் பகுதிக்கு நேரே காற்று எவ்வளவு என்ற இடம் காலியாக இருந்தது. எந்தக் கருவியோ பழுதாகி அன்றைக்கு எண் அனுப்பவில்லை. இதுகூடவா தெரியாது, ஒன்றும் இல்லையென்றால் சுழி என்று எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே, பழையது அப்படித்தானே போகும் என்று எரிச்சலோடு நினைத்தாள். நினைத்த நினைப்பு பாதியிலேயே அவளைப் பிடித்து நிறுத்தியது. காற்று எவ்வளவு என்று தெரியாத இடத்தில், காற்றே இல்லை என்று அவளுடைய பழைய நிரல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் தேதியைப் பார்த்தாள். கார்த்திகை. வெள்ளிக்கிழமை. தெற்குப் பகுதிக்கு அன்று போயிருந்தது ஒரே ஒரு படகு.

பழைய மொழியும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்காது. இல்லாததை எண்ணாக எடுத்தாலும் சரி, வேறு அற்பக் குறை எதைக் கண்டாலும் சரி, ஓர் எச்சரிக்கையை எழுதிவைக்கும். முதல் வருடம் தினமும் காலையில் அப்படி நாற்பது ஐம்பது வரி வந்து நிறைய, எல்லாம் வெற்று முணுமுணுப்பு என்று அலுத்துப்போய், எச்சரிக்கைகளை அணைக்கும் ஒரு வரியை இவள்தான் எழுதிப் போட்டாள். அந்த வரியை இப்போது தேடிப் பார்த்தாள். இருந்தது. கடைசியில் ஓர் அரைப்புள்ளியோடு.

கார்த்திகைக் காற்று அடித்த மறுநாள், சங்கத்து முற்றத்தில் எல்லோரும் கேட்டபோது, கூப்பிடு எல்லோருக்கும் போயிற்று என்று சொன்னதும் அவள்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ரெஜீசிடம் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நீ வேணும்னா செஞ்ச? ஒம்பது வருசம் ஆயிட்டு பவுலி. இப்பச் சொன்னா அவனா திரும்பி வரப்போறான்?"

"அவரு வரமாட்டாரு. ஆனா அவரு கூப்பிட்டும் வராதவரு இல்லைங்க. அவரக் கூப்பிடவே இல்ல."

"ஊரு ஒன்ன என்ன சொல்லும்னு யோசிச்சியா?"

"கிளாடிஸ் தெனமும் காலையில என்ன சொல்லுதான்னு நீங்களும்தான கேக்கீய."

ரெஜீஸ் சோற்றைத் தட்டிலேயே விட்டுக் கையைக் கழுவினான். அவனும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

கிளாடிஸ் கொல்லையில் உட்கார்ந்து கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தாள். பவுலின் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்து, எதையும் சுற்றி வளைக்காமல், அந்த வெள்ளிக்கிழமை பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்ததையும், தன்னுடைய நிரல் காலியைச் சுழி என்று படித்ததையும், அதனால் தொம்மையின் போனுக்குக் கூப்பிடு போகவே இல்லை என்பதையும், போயிற்று என்று தான் சொன்னது தப்பு என்பதையும் சொன்னாள். எச்சரிக்கையை அணைத்துப்போட்ட வரியையும் விடாமல் சொன்னாள்.

கிளாடிஸ் அடுத்த மீனை எடுத்தாள். அரைப்புள்ளியில் பிடித்தது. வாலை அமுக்க மறந்து கத்தியை வைத்ததும் அது பெரிதாகத் துள்ளி மண்ணில் போய் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"அவரு போன எடுக்காம இல்ல."

"இல்லட்டி."

"அடிக்கவே இல்ல."

"அடிக்கவே இல்ல."

"நீ இப்ப போயிரு அக்கா," என்றாள் கிளாடிஸ். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலை கிளாடிஸ் வீட்டிலிருந்து சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்தத் தெருவில் கிளாடிஸ் திட்டுகிற நேரத்தை வைத்துத்தான் பால் காய்ச்சுவார்கள், பிள்ளைகளை எழுப்புவார்கள். திட்டு நின்றதும் தெருவே பிந்தி எழுந்தது. போட்டோவுக்கு முன்னால் அவள் ஒன்றும் பேசாமல் நிற்கிறாள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். ஒன்பது வருடம் சொல்லிவந்ததைச் சொல்ல முடியாமலும், சொல்ல வேண்டியது என்னவென்று தெரியாமலும் அவள் நின்றாள்.

சனிக்கிழமை, புள்ளிக்காக எல்லோரும் கூடியிருந்த இடத்தில் பவுலின் இறங்கிவந்து ஊருக்கும் சொன்னாள். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முற்றம் கொதித்தது. இருபத்திரண்டு வருடம் இதை நம்பித்தானே போனோம் என்று ஒருவன் கத்தினான். அவள் எல்லாப் பட்டியலையும் பார்த்துவிட்டதாகவும், இப்படிக் காலியாக இருந்த நாட்கள் முப்பத்திரண்டு என்றும், மற்ற முப்பத்தொன்றில் காற்று உண்மையாகவே அடிக்கவில்லை என்றும் சொன்னாள். அந்த முப்பத்தொரு நாளில் கடலில் இருந்தவர்கள் தங்களைத் தாங்களே தொட்டுப்பார்ப்பது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொம்மையைக் கூப்பிட்டும் வராதவன் என்று முதன்முதலில் சொன்ன ஆள் யார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, அது ஒரு ஆள் இல்லை என்பதும் ஞாபகம் இருந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"புதுசு இந்த வேலை செய்யாதுல்லா?" என்று கேட்டார் தலைவர்.

"செய்யாது. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லி நின்னுரும்."

"நின்னுட்டா? எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் கேக்க வந்தேன். எண்ணு வரலன்னா என்ன செய்யணும்னு நான்தான் அதுக்குச் சொல்லணும். எல்லாரையும் கூப்பிட்டுருன்னு சொல்லவா?"

அங்கேதான் பெரிய சண்டை வந்தது. கருவி பழுதான நாளெல்லாம் கடல் சும்மா கிடக்கும்போது திரும்பி வந்தால் பிழைப்பு என்னாவது என்றார்கள். காற்று வருகிறது என்று சொல்லி வராமல் போனால் அடுத்த தடவை எவன் நம்புவான் என்றார்கள். அதுவும் நியாயம்தான். காற்று வருது என்று சொல்வது பொய், காற்று இல்லை என்று சொல்வதும் பொய். சங்கம் ஒன்றும் முடிவுசெய்யாமல் கலைந்தது. அன்றைக்குப் படகுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. கடைசி அரைப்புள்ளி எந்த நாளில் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பவுலினும் பார்க்கவில்லை.

திட்டு நின்ற பதினோராம் நாள் மத்தியானம் கிளாடிஸ் மாடியேறி வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பவுலினைப் பார்க்காமல், கணினியைப் பார்த்துக் கேட்டாள்.

"அதுக்கு எப்படிப் பேசக் குடுக்குறது?"

"எதுக்குட்டி?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? அதுக்கு எதுக்கு இம்புட்டு சண்டை? ஒன் கொரலு எல்லாம் தெரிஞ்ச கொரலு, அதுல சொன்னா எவனும் நம்ப மாட்டான். நான் சொல்லுதேன்."

பவுலின் மைக்கை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். கிளாடிஸ் தெருவில் மீன் கூவிய தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு தடவை வார்த்தை வராமல் நிறுத்தி, மூன்றாவது தடவை சொன்னாள். "காத்து எவ்வளவுன்னு தெரியல. எங்களுக்குத் தெரியல. வந்துருங்க." சொல்லி முடித்ததும் அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பவுலின் எழுந்து அவளைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிளாடிசே கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்தாள், வலிக்கிற அளவுக்கு.

புது நிரல் ஓடத் தொடங்கி மூன்று வாரம் கழித்து, ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கிழக்குப் பகுதிக்கு நேரே பட்டியல் காலியாக வந்தது. நிரல் நிற்கவில்லை, சுழி என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. கிழக்கே நின்ற முப்பத்தாறு படகுக்கும் கிளாடிசின் குரல் போயிற்று. பவுலின் மாடியிலிருந்து இறங்கிக் கடற்கரைக்கு வந்தாள். கிளாடிஸ் அங்கே முன்பே நின்றாள். வெயில் தெளிவாக அடித்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. அரைமணி நேரம் ஒரு படகும் தெரியவில்லை. வரமாட்டார்கள், இந்த வெயிலில் யார் வருவார்கள் என்று ஏலக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். பிறகு தொலைவில் ஒன்று தெரிந்தது, அது ரெஜீசுடையது. அதற்குப் பின்னால் இரண்டு, பிறகு ஏழெட்டு, பிறகு எண்ண முடியாதபடி கூட்டமாக, பாதிக் கூடை மீனோடு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, இன்ஜினை உறுமவிட்டபடி முப்பத்தாறு படகும் கரைக்கு வந்தன.

காற்று வரவில்லை. மத்தியானமும் வரவில்லை, சாயங்காலமும் வரவில்லை. காயப்போட்ட வலையின் நூல்கூட ஆடவில்லை. நல்ல மீன் பட்டுக்கொண்டிருக்கும்போது வந்தோமே என்று வலையை உதறிக்கொண்டே ஆண்கள் முணுமுணுத்தார்கள். தலைவர் வானத்தைப் பார்த்தார், பவுலினைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு படகை மணலில் இழுக்கக் கைகொடுத்தார்.

கிளாடிஸ் மணலில் இறங்கி ஒவ்வொரு படகாகப் போனாள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டுப் பலகையில் கையை வைத்து, உள்ளே எத்தனை பேர் என்று பார்த்து, எல்லோரும் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போனாள். கடைசிப் படகில் இருந்தவன் தொம்மையோடு ஒன்றாகத் தொழிலுக்குப் போய்வந்தவன், அந்த வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்துக்கிடந்ததால் போகாதவன். அவள் அவன் முன்னால் நின்று கேட்டாள்.

"போன்ல என்ன சொல்லிச்சு?"

"ஒங்க கொரலுதான மைனி," என்றான் அவன், வலையிலிருந்து கையை எடுத்துவிட்டு. "தெரியலன்னு சொன்னீய. வந்துட்டோம்."